ஆங்கிலம் தெரியும், பேச வாய் வரவில்லையா?

ஆங்கிலம் கற்பதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களா நீங்கள்? ஆன்லைன் வகுப்பில் சேருமுன் இதைப் படித்துவிடுங்கள்.

தேனி மாவட்டம் கோம்பையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வகுப்பை ஜூமுக்கு மாற்றினேன். இன்று இரண்டு வகையிலும் நடத்துகிறேன். நேரில் வாயே திறக்காத சிலர் ஆன்லைனில் பேசுகிறார்கள். நேரில் கலகலப்பானவர்கள் சிலர் அங்கே மைக்கை அணைத்துவிட்டு மவுனமாகிறார்கள்.

ஏன்? எங்களுடையது சிறிய ஊர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாமன் மகனாக இருப்பார், இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர். தப்பாகப் பேசினால் தெருவே சிரிக்குமோ என்ற பயம். ஆன்லைனில் இந்தப் பயம் குறைகிறது. ஆனால் ஒளிந்துகொள்வதும் சுலபம்.

பீட்டர் மேக்இன்டயர் முதலிய 4 ஆய்வாளர்கள் 1998ல் இதை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார்கள். பேசும் விருப்பத்திற்கு மிக அருகில் அவர்கள் வைத்தவை இரண்டு: குறிப்பிட்ட ஒருவரிடம் பேச வேண்டும் என்ற ஆசை, அந்த நேரத்துத் தன்னம்பிக்கை. அதாவது, இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. என் மாணவி ஒருவர் எல்லாக் கேள்விக்கும் சாட் கட்டத்தில் சரியாக டைப் செய்வார். வேலைக்கான போன் இன்டர்வியூவில் பேச்சே வரவில்லை, வேலை கைநழுவியது.

அவருக்கு நான் சொன்ன வழிகள் உங்களுக்கும் உதவும்.

1. விண்டோஸில் உள்ள ரெக்கார்டரில் தினமும் 2 நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.

2. ஜூமில் உங்கள் முகத்தையே பார்ப்பது கூச்சம் தருகிறதா? உங்கள் படத்தில் ரைட் கிளிக் செய்து, 'ஹைட் செல்ப் வியூ' தேர்ந்தெடுக்கவும். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள்.

3. மைக் அணைந்திருக்கையில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துப் பேசுங்கள். விட்டவுடன் மைக் மீண்டும் அணைந்துவிடும். ஒரு வாக்கியம் பேச இது போதும்.

4. 'பிரேக்அவுட் ரூம்' வசதி மூலம் இருவர் இருவராகப் பிரித்துப் பேசவிடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

அந்த மாணவி இந்த வழிகளில் பழகினார். பிறகு நேர் வகுப்பில் எழுந்து நின்று பேசினார். அடுத்த இன்டர்வியூவில் தடுமாறினாலும் நிறுத்தவில்லை, வேலையும் கிடைத்தது.

கம்ப்யூட்டர் உங்கள் பயத்தைக் குறைக்கும். ஆனால் வாரம் ஒரு முறையாவது மனிதர் முன் நின்று பேசுங்கள். இன்றே ஒரு வாக்கியத்துடன் தொடங்கலாமே!