வலி வந்த பிறகு வாங்கும் கையெழுத்து

தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் இன்று ஆஸ்பத்திரிதான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. 2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. கிராமச் செவிலியரில் தொடங்கி 108 வண்டி வழியாக எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி வரை பல தலைமுறை உழைப்பு இதில் இருக்கிறது. யாரும் இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் 'தாயும் சேயும் நலம்' என்று உறவினர்களுக்குப் போகும் அந்த ஒரு வரிக்குள் அடங்காமல் போவது ஒன்று உண்டு. லேபர் வார்டில் அதட்டப்பட்டது, எதற்கென்று சொல்லாமல் கத்தரி வைத்தது, ஏன் ஆபரேஷன் என்று கடைசிவரை தெரியாமலே வீடு திரும்பியது போன்றவற்றைப் பெண்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்ற பதில் அந்தப் பேச்சையும் அடைத்துவிடுகிறது.

அனுமதியின்போது வாங்கும் கையெழுத்தோடு சம்மதம் முடிந்துவிட்டது என்று மருத்துவமனையும் நினைக்கிறது, குடும்பமும் நினைக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், டெல்லியைச் சேர்ந்த 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். தானே முடிவெடுக்கும் திறனுள்ள, வயது வந்த ஒருவருக்காக அவரைப் பெற்றவளே ஆனாலும் சம்மதம் தர முடியாது என்றும் சொன்னது. என்ன செய்யப் போகிறோம், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்குவதே சம்மதம். உயிருக்கு ஆபத்தான, தாமதிக்க முடியாத நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் ஊர் நடைமுறையோ இதற்குத் தலைகீழ். சிசேரியன் என்றதும் நர்ஸ் காகிதத்தோடு வெளியே வந்து கணவரையோ மாமியாரையோதான் தேடுகிறார். உள்ளே படுத்திருப்பவளுக்கு விஷயம் கடைசியில்தான் போய்ச் சேர்கிறது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சட்டம் உரிமையை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கிறது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடுப்பைப் பிளக்கும் வலியில் இருப்பவளால் ஆபத்துகளை எடைபோட்டு வாதாட முடியாது. எழுந்து வேறு மருத்துவமனைக்குப் போகவும் முடியாது. ஆகவே பிரசவ அறைக்கான உரிமைகளை அந்த அறைக்குள் போய்க் கேட்டுப் பெறலாம் என்று நினைப்பதே தவறு. வலிக்கு முன்பு பேசி வைப்பது, வலியின்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது, பிறகு ஆவணங்களைக் கையில் வாங்குவது ஆகிய மூன்று இடங்களில்தான் அவை நிற்க முடியும்.

கேள்வி கேட்காமல் இருப்பதன் விலை என்ன? அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்திய சராசரி 21.5தான். மக்கள்தொகை அளவில் இந்த விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய் சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தனியாருக்குச் சிக்கலான கர்ப்பங்கள் அதிகம் போகின்றன என்பது விளக்கமாகாது. ரத்தக்கொதிப்பும் இரட்டைக் கருவும் கடைசி நேரத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத்தான். சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை, சந்தேகமில்லை. தேவையின்றிச் செய்யும்போது தொற்றும் ரத்தப்போக்கும் கூடுகின்றன. மாதம் நிறைவதற்குள் எடுத்த குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடும். பாதிப் பழி நம்முடையது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்கள் குறைவா? ஆனாலும், அந்த நேரத்தைக் குறித்தது யார், வயிற்றில் கத்தி படப்போகிறவள் கேட்டாளா, கேட்டிருந்தால் ஆபத்துகளைத் தெரிந்து கேட்டாளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சிசேரியனுக்காவது ஒரு காகிதம் இருக்கிறது. சுகப்பிரசவத்தில் நடக்கும் பலவற்றுக்கு அதுவும் இல்லை. பிறப்பு வழியை வெட்டித் தைப்பதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்கள். வயிற்றின் மேல் அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவது, எனிமா கொடுப்பது, ரோமம் மழிப்பது எதுவும் வேண்டாம் என்கின்றன. ஆபத்து குறைந்த பெண்கள் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம், நடக்கலாம், தமக்கு வசதியான நிலையில் பிரசவிக்கலாம். எத்தனை லேபர் வார்டுகளில் இது நடக்கிறது என்பதைப் பிரசவித்த யாரைக் கேட்டாலும் தெரியும். குழந்தை பிறந்த கையோடு காப்பர்‑டி பொருத்துவதும் இப்படித்தான். முன்கூட்டியே ஆலோசனை சொல்லி, அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்ட பிறகுதான் அதைச் செய்யலாம். கருத்தடை நல்லதா இல்லையா என்பது வேறு விவாதம். உடம்புக்குள் ஒன்றை வைத்ததை உடம்புக்குரியவளுக்குச் சொல்லாமல் இருக்க யாருக்கும் உரிமையில்லை.

பக்கத்தில் ஒருவர் இருப்பதை ஏதோ ஆறுதல் விஷயமாக நினைக்கிறோம். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு வேறு கதை சொல்கிறது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலியின் நேரமும் சுருங்கியது. தீங்கு எதுவும் தென்படவில்லை. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. மத்திய அரசு இதற்கு வழிவிட்டது 2016இல்தான். அதிகச் செலவும் இல்லை, மருந்தும் இல்லை. இடநெருக்கடி, அடுத்த கட்டிலில் இருப்பவளின் அந்தரங்கம், தொற்று என்று மருத்துவமனைகள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் கட்டில்களுக்கிடையே ஒரு திரையும், பெண் துணை ஒருவர் மட்டும் என்ற விதியும், மாற்று உடுப்பும் அவற்றில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். துணை இருக்கும் அறையில் அதட்டல் தானாகவே குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில கதவுகள் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

மருத்துவர்கள் தரப்பில் இன்னொரு நியாயமான கேள்வி உண்டு. ஒரே இரவில் வரிசையாகப் பிரசவம் பார்க்கும் பயிற்சி மருத்துவர் எத்தனை பேரிடம் நின்று விளக்குவார்? ஏதாவது தவறிப்போனால் உறவினர்கள் கும்பலாக வந்து அடிக்கிறார்கள். அந்தப் பயத்தாலேயே ஆபரேஷன் பாதுகாப்பு என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. மருத்துவமனைத் தாக்குதல்களைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் இந்த வாதம் விளக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறது. பேச வேண்டியதை எட்டாம் மாதப் பரிசோதனையில் பேசிவிட்டால் நள்ளிரவில் இரண்டு வாக்கியம் போதும். உள்ளே நடந்ததைப் பார்த்த துணை ஒருவர் இருந்தால், வெளியே சந்தேகம் கோபமாக முற்றுவதும் குறையும். சொல்லாமல் செய்ததுதான் பல சண்டைகளின் தொடக்கம்.

எட்டாம் மாதத்திலேயே கேட்க வேண்டியவை: எந்தெந்த நிலையில் சிசேரியன் என்று முடிவெடுப்பீர்கள், இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா, ரத்தம் எங்கிருந்து வரும், துணைக்கு யாரை விடுவீர்கள், மொத்தச் செலவு எவ்வளவு. காப்பர்‑டி வேண்டாம் என்றால் அதை அப்போதே பரிசோதனைக் குறிப்பில் எழுதச் சொல்லலாம். அரசு மருத்துவமனையில் 2011 ஜூன் முதல் மத்திய அரசின் திட்டப்படி, சிசேரியன் உட்படப் பிரசவமும் மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீடு திரும்ப வாகனம் எல்லாமும் இலவசம். குழந்தையைக் காட்ட ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கை நீட்டுவது லஞ்சம்; அதை 'சந்தோஷம்' என்ற பெயரில் நாமே பழக்கிவிட்டோம். மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ, 104 எண்ணிலோ, லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் செய்யலாம்.

தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால், காசு கட்டியவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் அது காசு கட்டிய சேவைதான். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனைக்கு இந்த வழி கிடையாது. அங்கே மாநில மனித உரிமை ஆணையத்தை ஓராண்டுக்குள் அணுகலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிட வேண்டாம். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

எங்கே போனாலும் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டை. எழுத்தில் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. புகார் செய்யும் எண்ணமே இல்லாதவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆபரேஷன் ஏன் நடந்தது, கருப்பையை எந்த விதமாக வெட்டினார்கள் என்ற இரண்டும் தெளிவாக இருந்தால்தான் அடுத்த குழந்தைக்குச் சுகப்பிரசவம் முயலலாமா என்று வேறொரு மருத்துவர் சொல்ல முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் என்ற இடம் வெறுமையாக இருந்தால், கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே எழுதித் தரச் சொல்லலாம்.