மோட்டார் உறுமுகிறதா? முதலில் பியூஸைப் பாருங்கள்

அனுப்பம்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வட்டார விவசாயிகளில் பலர், பம்புசெட் மோட்டார் ஓடவில்லை என்றால் காயில் எரிந்துவிட்டது என்று தாமே முடிவு கட்டி, அதைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். பல சமயங்களில் கோளாறு மோட்டாரில் இருப்பதில்லை. கொட்டகைச் சுவரில் இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சுழலாமல் உறுமினால், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வரவில்லை என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். சில நிமிடம் விட்டாலும் காயில் கருகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை போனால் ஆபத்து இன்னும் அதிகம். மோட்டார் நிற்காமல் ஓடும். ஆனால் மற்ற இரு முனைகளிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். ஸ்டார்ட்டரின் காந்தக் காயில் இரு முனைகளில் மட்டுமே இணைந்திருக்கும். மூன்றாவது முனை போனால் அதற்குத் தெரியாது. அப்போது மோட்டாரைக் காப்பது ஓவர்லோடு ரிலே ஒன்றுதான். நேரடி ஸ்டார்ட்டரில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இது சுமார் 7.5 ஆம்பியரில் இருக்க வேண்டும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் உள்ள ஆம்பியரே சரியான அளவு. அடிக்கடி நின்றுவிடுகிறது என்று ரிலேயைக் கூட்டி வைப்பதும், பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் காயிலுக்கு நாமே தீ வைப்பதாகும்.

மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ்களையும் கழற்றிப் பாருங்கள். கம்பி நன்றாக இருந்தும் மின்சாரம் வராமல் போவதுண்டு. பழவேற்காடு ஏரிப் பக்கத்து உப்புக் காற்றில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். இணைப்பு தளர்ந்து சூடாகும். நைஸான உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கினால் போதும். உள்நாட்டு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் இவ்வேலை, நமக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை.

விளக்கு வைத்துச் சோதிக்கும் வேலையை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவரும் ஸ்டார்ட்டர் நிறுத்தப்பட்ட நிலையிலேயே சோதிக்க வேண்டும். மோட்டார் இணைந்திருந்தால், காயில் வழியே திரும்பி வரும் மின்சாரத்தில், போன முனையிலும் விளக்கு எரிந்து ஏமாற்றும்.

மூன்று முனையும் சரியாக இருந்தும் உறுமினால், பம்பின் அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். மெயினை அணைத்த பிறகுதான்! சுற்றவில்லை என்றால் பேரிங் இறுகியிருக்கும், அல்லது பம்பில் கல் சிக்கியிருக்கும். மோட்டார் ஓடியும் தண்ணீர் குறைவாக வந்தால், எதிர்ப்பக்கம் சுழல்கிறதா என்று கவனியுங்கள். இரு முனைகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை, மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி ஓட்டக் கூடாது. உப்புநீர் புகுந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, 500 வோல்ட் மெகரால் சோதிக்க வேண்டும். காயிலுக்கும் உடலுக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் குறைந்தால் இன்னும் காயவிடுங்கள்.