வானலையும் வீட்டுக் கம்பியும்

நீலகிரி மலை இரயில் உதகமண்டலத்தை அடையுமுன் நின்று செல்லும் சிற்றூர் லவ்டேல் ஆகும். சரிவும் பள்ளத்தாக்குமாய் அமைந்த அவ்வூரில், முகில் வீட்டு வாயில்வரை வந்து உலவும். இத்தகைய மலையூர்களில் வாழ்வார்க்குத் தொலைக்காட்சிப் பெட்டி நெடுங்காலம் ஒரு சோதனையாகவே இருந்தது. திரையில் ஒருவர் தோன்றினால், அவர் அருகே நிழல்போல் மற்றோர் உருவமும் தோன்றும்; சில வேளைகளில் உருவம் மறைந்து வெண்புள்ளிகளே பொழியும். பலரும் பெட்டியைப் பழித்தனர். ஆனால், குறை பெரும்பாலும் பெட்டியில் இல்லை. கூரைக்கும் பெட்டிக்கும் இடைப்பட்ட வழியிலேயே இருந்தது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். அதன்பின் ஊர்தோறும் கூரைகளின்மேல் ஏரியல் எனப்படும் அலைவாங்கிகள் எழுந்தன. தொலைக்காட்சி அலை, ஒளியைப் போன்றே பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வது. குன்று குறுக்கிட்டால் அதன் பின்புறத்தில் அலை மெலியும். எதிர்க்குன்றிற் பட்டுத் திரும்பும் அலையோ, நேரே வந்த அலைக்குச் சற்றுப் பிந்தி வந்து சேரும். இரட்டை உருவம் தோன்றுவது இதனாலேயே.

இக்குறையைத் தணிக்க உதவியது, ஜப்பானிய அறிஞர்களாகிய யாகி, உடா என்னும் இருவர் பெயரால் வழங்கும் அலைவாங்கி. 1926இல் உருவான அதனில், அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி நீளமுள்ள தண்டொன்று அலையை ஏற்கும். பின்னுள்ள சற்றே நீண்ட தண்டு அலையைத் திருப்பி அனுப்பும்; முன்னுள்ள குறுந்தண்டுகள் அலையை நெறிப்படுத்தும். ஆதலின் அது தான் நோக்கும் திசையலையை மிகுதியாக ஏற்று, பிற திசையலைகளைப் பெரிதும் விலக்கும்.

அலைவாங்கி ஏற்ற அலையைப் பெட்டிக்குக் கொணர்வது கேபிள். நடுவே ஒரு செப்புக்கம்பி, அதனைச் சூழ மின்கடத்தாப் பொருள், அதன்மேல் உலோக வலை, புறத்தே உறை என்பன அதன் உறுப்புகள். கேபிள் நீள நீள அலையின் ஆற்றல் தேயும். 1,000 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலை, வீடுகளிற் பயன்படும் கேபிளில் ஏறத்தாழ 15 மீட்டர் செல்வதற்குள் தன் ஆற்றலிற் பாதியை இழந்துவிடும். உறை கிழிந்து மழைநீர் புகுந்தால் இழப்பு இன்னும் பெருகும்.

என் அண்டை வீட்டார் ஒருவர், படம் தெளியாமை கண்டு, பூஸ்டர் என்று வழங்கும் பெருக்கி ஒன்றை வாங்கிப் பெட்டியின் அருகே வைத்தார். படத்தோடு வெண்புள்ளிகளும் பெருகினவேயன்றித் தெளிவு பிறக்கவில்லை. பழுது பார்க்க வந்த தொழிலாளர் அதனைக் கழற்றிக் கம்பத்தின் உச்சியில், அலைவாங்கியை ஒட்டிப் பொருத்தினார், படம் தெளிந்தது. காரணம் யாது? பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றி நம் முன்னோர் கூறுவர். பெருக்கி அத்தகைய அன்னம் அன்று. அலை மெலிந்து இரைச்சலோடு கலந்தபின், அஃது இரண்டையும் ஒருங்கே பெருக்கும். மெலியுமுன் பெருக்கினாலன்றிப் பயனில்லை.

இவ்வுண்மையை மிகப் பெரிய அளவிற் காண விரும்புவோர் லவ்டேலுக்கு அண்மையிலுள்ள முத்தோரைக்குச் செல்லலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த பேராசிரியர் கோவிந்த் சுவரூப் தலைமையில், 1970இல் அங்கு வானொலித் தொலைநோக்கி ஒன்று நிறைவுற்றது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவில் அமைந்தமையால், அதன் அச்சு புவியச்சுக்கு இணையாயிற்று. ஆகவே அதனைச் சுழற்றியே விண்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம்.

விண்ணின் தொலைவிலிருந்து வரும் அலைகளோ மிக மிக மெல்லியவை. அவற்றை ஏற்க 1,056 சிறு அலைவாங்கிகள் அங்கு வரிசையாக உள்ளன. 1990களின் தொடக்கத்தில் அறிஞர்கள் ஒவ்வோர் அலைவாங்கியின் பின்னும் ஒரு சிறு பெருக்கியை வைத்தனர். கருவியின் நுண்ணுணர்வு மிகுந்தது. கம்பத்தின் உச்சியில் அத்தொழிலாளர் செய்ததும் இதுவேயன்றோ?

இன்று தரைவழி ஒளிபரப்பு நிலையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. கூரைகளில் கிண்ணம் போன்ற அலைவாங்கிகள் உள்ளன. அவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளை நோக்குவன. நீலகிரியிலிருந்து பார்க்கையில், தூர்தர்ஷனின் இலவசச் சேவைக்குரிய கோள் தென்கிழக்கே வானில் உயர்ந்து நிற்றலின், குன்றுகள் பெரும்பாலும் மறைப்பதில்லை. கிண்ணத்தின் முன் கையளவாக நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே பெருக்கி. அது கோளிலிருந்து வரும் அலையைப் பெருக்கி, கேபிளில் அதிகம் தேயாதவாறு அதன் அதிர்வெண்ணையும் குறைத்து அனுப்புகிறது.

ஆகவே, கேபிள் இயன்றவரை குறுகியதாய் இருத்தல் வேண்டும். இடையில் ஒட்டுப்போடுதல் ஆகாது. கூர்மையாக மடித்தலும் ஆகாது. வீட்டினுள் நுழையுமிடத்தில் அதனைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் உட்புகாது சொட்டிவிடும். உலோகக் கம்பத்திற்கு நிலத்தொடுப்பு வேண்டும். கூரைமேல் ஏறும் வேலை தேர்ந்த தொழிலாளர்க்கே உரியது. இடி மின்னற் காலத்தில் அவரும் ஏறலாகாது.

தொடக்கத்தில் இழந்ததை முடிவில் ஈட்டுதல் அரிது. கேபிள் கற்பிக்கும் இப்பாடம் கல்விக்கும் பொருந்தும். பாடம் கேட்கும் பொழுதே கருத்தூன்றிக் கேட்பவன், தேர்வின் முன்னிரவில் வருந்த வேண்டுவதில்லை.