எறியும் விதையில் உறையும் சத்து

பூசணிக்காயை அரிந்ததும் குடலோடு விதைகளையும் குப்பையில் எறிந்துவிடுகின்றோம். மெக்சிக்கோ நாட்டினரோ அவற்றை வறுத்தரைத்துக் குழம்பு ஆக்குகின்றனர்.

தோல் நீக்கிய பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் உண்டு. தசைக்கும் நரம்புக்கும் வேண்டிய மகனீசியம், புண் ஆறுதற்கு உதவும் நாகம், குருதிக்கு வேண்டிய இரும்பு என்பனவும் உள. மரக்கறி உணவே கொள்ளும் இல்லங்களில், வளரும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இது நல்ல துணையுணவாகும்.

விதைகளைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்துக்கொள்க. பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாதலின் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி போதும். சிறு குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்காதவாறு பொடித்தே கொடுத்தல் வேண்டும்.

எனினும், இஃது உணவேயன்றி மருந்தன்று. நீரிழிவுக்கு நல்லதென்று யாரேனும் கூறக் கேட்டு, வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துதல் பேராபத்தாகும். மருந்தை மருந்தாகவே உண்போம். குப்பைக்குப் போகும் விதையை மட்டும் கோப்பைக்குக் கொண்டுவருவோம்.