விடுதிக்குப் போய் வந்த நாய்க்கு நோய் ஏன்? புக்கிட் பெலண்டோக் தரும் பாடம்



தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் புறப்படுகிறோம். பத்து நாள் பயணம். வீட்டு நாயை என்ன செய்வது? தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டு சோறு வைத்துவிடுவார். இன்று நம்மில் பலர் தாமான்களில் குடியிருக்கிறோம். அண்டை வீட்டார் நாயைத் தொடாதவராக இருக்கலாம். அதை நாம் மதிக்க வேண்டும். ஆகவே பணம் கட்டி நாயை விடுதியில் விட்டுச் செல்கிறோம்.

திரும்பி வந்து நாயை அழைத்து வருகிறோம். மூன்றாம் நாள் அது இருமத் தொடங்குகிறது. அல்லது சோற்றைத் தொடாமல் மூலையில் படுத்துவிடுகிறது. உடனே நம் வாயிலிருந்து வரும் வார்த்தை, "விடுதிக்காரன் சரியாகப் பார்க்கவில்லை" என்பதுதான். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் யாரைக் குறை சொல்வது என்று யோசிப்பதற்கு முன்னால், வந்திருப்பது என்ன நோய், அது எந்த வழியாக வந்தது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் தாமதமாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே ஓர் ஊர் பார்த்திருக்கிறது. அந்த ஊர்தான் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் உள்ள புக்கிட் பெலண்டோக்.

புக்கிட் பெலண்டோக்கில் நடந்தது

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை அழற்சியும் கண்டன. இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் பரவுவது என்று முதலில் கருதப்பட்டது. புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை.

இதற்கிடையில் நோய் கண்ட பண்ணைகளிலிருந்து பன்றிகள் வேறு மாநிலங்களுக்கு விற்கப்பட்டு, லாரியேறிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு நோயும் போனது. 1998 இறுதிக்குள் சிரம்பானை அடுத்த சிக்காமாட்டை எட்டியது. பிறகு நாட்டின் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளுள் ஒன்றாக இருந்த புக்கிட் பெலண்டோக்கில் நுழைந்தது. அதிகமான உயிர்கள் பலியானது இங்கேதான்.

கொசுதான் காரணம் என்றால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நேரடியாகப் பழகிய பெரியவர்கள். பெரும்பாலோர் சீனப் பண்ணையாளர்கள், அவர்களோடு நம் இந்தியர்களும் இருந்தார்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். பன்றிகளும் நாய் குரைப்பது போன்ற சத்தத்தோடு இருமின.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை யாரும் அறிந்திராத வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளி புக்கிட் பெலண்டோக் பகுதியிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர். அதனால்தான் உலகம் முழுவதும் இன்று அதை நிப்பா வைரஸ் என்று அழைக்கிறார்கள்.

அதன் பிறகே பன்றிகளின் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். இராணுவமும் களத்தில் இறங்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 105 பேர் இறந்தார்கள். நம் நாட்டிலிருந்து சென்ற பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார்.

நோயின் பெயர் தவறாக இருந்த மாதங்களில் நாம் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்தோம். நோயோ லாரியில் பயணம் செய்துகொண்டிருந்தது.

நாய்கள் தந்த சாட்சி

புக்கிட் பெலண்டோக்கில் நாய்களும் நோயுற்றன, செத்தன. காய்ச்சல், மூச்சுத் திணறல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல் என்று பார்ப்பதற்கு அது டிஸ்டெம்பர் போலவே இருந்தது. டிஸ்டெம்பர் வைரஸும் நிப்பா வைரஸும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதருக்கு வரும் தட்டம்மையும் அந்தக் குடும்பம்தான்.

இதனால் ஓர் அச்சம் எழுந்தது. பன்றிகளை அழித்த பிறகும் நாய்கள் நோயை ஊர் ஊராகக் கொண்டு போகுமோ? ஆய்வாளர்கள் நாய்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பன்றிகளிடமிருந்து நாய்களுக்குத் தொற்று வந்தது உண்மை. ஆனால் நோயுள்ள பன்றிகள் இல்லாத நிலையில், நாய்கள் அந்த வைரஸை வளர்த்துப் பரப்பும் இடமாக இருக்கவில்லை என்பது சோதனையில் தெரிந்தது. அங்கே நாய் பாதிக்கப்பட்ட பிராணிதானே தவிர நோய்க்கு மூலகாரணம் அல்ல. மூலம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர் தெளிவானது.

நேயர்கள் பயப்பட வேண்டாம். 1999-க்குப் பிறகு மலேசியாவில் மனிதரிடம் நிப்பா நோய் மீண்டும் தலைதூக்கவில்லை. விடுதியிலிருந்து வந்த நாய் இருமினால் அது நிப்பா என்று நினைக்கக் காரணமே இல்லை. அந்த ஊர் தரும் பாடம் வேறு. பல இடத்துப் பிராணிகள் ஓரிடத்தில் சேர்வதும், அவை ஊர் விட்டு ஊர் போவதும்தான் நோய்க்குப் பாதை. நாய் விடுதியிலும் நடப்பது அதுதான்.

விடுதியில் வரக்கூடிய நோய்கள்

ஒரு விடுதியில் விடுமுறைக் காலத்தில் முப்பது நாற்பது நாய்கள் சேரலாம். ஒவ்வொன்றும் வேறு வீடு, வேறு தெரு. புதிய இடம், எசமானரைக் காணாத ஏக்கம், இரவெல்லாம் குரைப்புச் சத்தம் ஆகியவை நாயின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. ஏக்கத்தால் மட்டுமே வயிறு கெட்டு ஓரிரு நாள் பேதியாவதும் உண்டு. அது தொற்று அல்ல.

தொற்றுகளில் முதலில் சொல்ல வேண்டியது, மருத்துவர்கள் 'கென்னல் காஃப்' என்று சொல்லும் விடுதி இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியது போல நாய் வறட்டு இருமல் இருமும். காற்றிலும் பொதுத் தண்ணீர்ப் பாத்திரத்திலும் பரவும். தொற்றிய 2 முதல் 14 நாளுக்குள் தெரியும். நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்குப் பெரும்பாலும் தானாகவே குணமாகும். குட்டிக்கும் கிழ நாய்க்கும் அது நிமோனியாவாக மாறலாம்.

இரண்டாவது பார்வோ. வாந்தி, நாற்றமடிக்கும் இரத்தப் பேதி என்று பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் வெளிப்படும். 1978 வாக்கில் உலகெங்கும் திடீரெனப் பரவிய இந்த வைரஸ், தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்புத் தூள் இதைக் கொல்லாது. குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீர் வேண்டும்.

மூன்றாவது டிஸ்டெம்பர். கண், மூக்கு நீரில் தொடங்கிப் பின்னர் வலிப்பில் முடியலாம். வாரக்கணக்கில் மறைந்திருந்தும் வரும்.

நான்காவது எலிச் சிறுநீரால் வரும் லெப்டோ. எலி நடமாடும் இடத்தில் தேங்கிய நீர் போதும். காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை தோன்றும். இது நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். 2010 முதல் மலேசியாவில் மனிதருக்கு இந்நோய் கண்டால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

ஐந்தாவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து நாய் சோர்ந்து விழும், ஈறு வெளுக்கும். அதற்குள் விடுதியில் விட்டதையே நாம் மறந்திருப்போம்.

நோயின் பெயர் முதலில் தவறிப்போவது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் விடுதிகளிலும் பகல்நேரக் காப்பகங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இருமிக் காய்ச்சலில் விழுந்தன. பல காப்பகங்கள் மூடப்பட்டன. முதலில் அது அங்கே ஏற்கெனவே இருந்த நாய்க் காய்ச்சல் வைரஸ் என்று நினைத்தார்கள். பிறகுதான் அது தென்கொரியாவிலும் சீனாவிலும் நாய்களிடம் காணப்பட்ட வேறு வகை என்று தெரிந்தது.

நாயை விடுவதற்கு முன்

தடுப்பூசியைப் புறப்படும் நாளன்று போட்டுப் பயனில்லை. உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க அவகாசம் வேண்டும். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசியோடு லெப்டோ ஊசியும் உண்டா என்று கேளுங்கள். லெப்டோ ஊசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விடுதி இருமலுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. வரிசை ஊசிகள் முடியாத குட்டியை விடுதியில் விடாமல் இருப்பதே நல்லது. உண்ணி மருந்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்கிறார்களா? கேட்காத விடுதி உங்கள் நாயை மட்டுமல்ல, மற்ற நாய்களையும் கேட்காமல்தான் சேர்த்திருக்கும். இருமும் நாயைத் தனியே வைக்க இடம் உண்டா? காற்றோட்டம் எப்படி? தண்ணீர்ப் பாத்திரம் தனித்தனியா? கூண்டை எதைக் கொண்டு கழுவுகிறார்கள்? எலி வராமல் தீனியை மூடி வைக்கிறார்களா? இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நல்ல விடுதிக்காரர் கோபிக்கமாட்டார்.

உங்கள் நாய் ஏற்கெனவே இருமுகிறதா? அப்படியானால் அதை அழைத்துப் போகாதீர்கள். விமான டிக்கெட் வாங்கியாகிவிட்டதே என்று மறைத்து விட்டுவிடுவது, நோய் கண்ட பன்றியை லாரியில் ஏற்றியதற்குச் சமம்.

அழைத்து வந்த பிறகு

இரண்டு வாரம் கவனியுங்கள். வீட்டில் வேறு நாயோ குட்டியோ இருந்தால் தீனிப் பாத்திரத்தையாவது பிரித்து வையுங்கள். வந்த அன்றே காது, விரலிடுக்கு, வாலடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று பாருங்கள்.

வாந்தியும் இரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால், மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்தால் அல்லது மஞ்சளித்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பார்வோவில் ஓர் இரவு என்பது நீண்ட நேரம். வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். மனிதருக்குரிய பாராசிட்டமாலும் வலி மாத்திரைகளும் நாய்க்கு விஷமாகலாம். நோயுற்ற நாயின் சிறுநீரைக் கழுவும்போது கையுறை அணியுங்கள். குழந்தைகளை அருகே விட வேண்டாம். பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாய்க்கு நோய் வந்ததை உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. கால்நடை மருத்துவரிடம் போனதும், "நாய் இத்தனையாம் தேதி முதல் இத்தனையாம் தேதி வரை விடுதியில் இருந்தது" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எத்தனையாம் நாள் நோய் தோன்றியது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். அழைத்து வந்த மறுநாளே டிஸ்டெம்பர் வெளிப்பட்டால், ஒரு வாரத் தங்கலில் அது தொற்றியிருப்பது அரிது. விடுதிக்குப் போகும் முன்பே வந்திருக்கக்கூடும்.

குறை சொல்வதும் தகவல் சொல்வதும்

விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். சண்டைக்காக அல்ல, தகவலுக்காக. அங்கே இன்னும் பல நாய்கள் இருக்கும். உங்கள் ஓர் அழைப்பு அவற்றைக் காப்பாற்றலாம். பெயர் கெட்டுவிடும் என்று விடுதிக்காரர் மறைப்பதும், வம்பு எதற்கு என்று நாம் வாயை மூடிக்கொள்வதும் நோய்க்குத்தான் உதவும். உண்மையிலேயே தீனியும் நீரும் சிகிச்சையும் கொடுக்காமல் விட்டிருந்தால் அதற்கு 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. கால்நடைச் சேவைத் துறையில் புகார் செய்யலாம். ஆனால் மருத்துவரின் சான்று கையில் இல்லாத புகார் வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

சுங்கை நிப்பாவில் இன்று அந்த நாட்களை நினைவூட்டும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் வழியில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். பிராணி வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் வாங்கும் அன்றே நாயின் தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள், நேயர்களே.