கற்பிக்காமலே கற்கும் உள்ளம்

‘கூமாப்பட்டி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்து, அவ்வூர் அமைந்துள்ள மாவட்டமாகிய ‘விருதுநகர்’ என்பதையும் சொல்லுங்கள். இரண்டு பெயர்களிலும் ககரம் வருகிறது. முன்னதில் அது வன்மையாக ஒலிக்கிறது. பின்னதில் மெலிந்து ஒலிக்கிறது. இவ்வேறுபாட்டை உங்களுக்குக் கற்றுத் தந்தவர் யார்?

ஒருவருமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள அக்கூமாப்பட்டியில், இன்னும் பள்ளி செல்லாத நான்கு வயதுக் குழந்தையும் இதைப் பிழையின்றிச் செய்கிறது. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை. இரட்டித்து வந்தால் வல்லோசை. இரு உயிரொலிகளுக்கு இடையே தனித்து வந்தால் மெல்லிய ஓசை. இந்த விதியைக் கேட்டால் தாயும் சொல்லமாட்டார், குழந்தையும் சொல்லாது.

சொற்களை ஒவ்வொன்றாக மனனம் செய்ததுதானே என்று ஐயுறுகிறீர்களா? ‘கொகினம்’ என்னும் பொருளற்ற சொல்லைப் படியுங்கள். இதற்கு முன் நீங்கள் கேட்டிராத சொல் இது. ஆயினும் முதல் ககரத்தை வன்மையாகவும், அடுத்ததை மென்மையாகவுமே உங்கள் நா ஒலிக்கும். உள்ளத்தில் பதிந்திருப்பது சொல் மட்டுமன்று. அதனுள் மறைந்துள்ள ஒழுங்கும்தான்.

ஆய்வாளர் கண்டவை

இந்த ஆற்றலை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ரீபர் 1967ஆம் ஆண்டில் சோதித்து வெளியிட்டார். ஒரு மறைவான விதிப்படி கோத்த எழுத்து வரிசைகளைச் சிலரிடம் தந்து மனனம் செய்யச் சொன்னார். பின்னர்ப் புதிய வரிசைகளைக் காட்டி, விதிக்குப் பொருந்துபவை எவை என்று கேட்டார். குருட்டு ஊகத்தால் பாதியே சரியாகும். அவர்களோ அதைவிடத் தெளிவாக மிகுதியாகச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் விதியை முழுமையாக விளக்க அவர்களால் இயலவில்லை.

1992இல் நினைவிழப்பு நோயாளிகளிடமும் இதே சோதனை நடைபெற்றது. தாம் முன்பு பார்த்த வரிசைகளை நினைவுகூர்வதில் அவர்கள் பின்தங்கினர். எனினும் புதியவற்றைத் தரம் பிரிப்பதில் மற்றவர்களுக்கு ஈடாக விளங்கினர்.

இது முற்றிலும் அறியாமல் நிகழும் கல்விதானா என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு மூன்று எழுத்துகளை அவர்கள் அறிந்தே கவனித்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் வாதம். கற்றதை வாயால் விளக்க இயலாமை வேறு, அறவே உணராமை வேறு என்பதை நாமும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓதும் பிள்ளைகள்

நம் மக்தபுகளில் இதற்கு நிகரான காட்சி நாள்தோறும் உண்டு. நூன் ஸாகினுக்குப் பின் ‘பா’ வந்தால், நூனின் ஓசை மீமாக மாறும். தஜ்வீத் கலையில் இதற்கு ‘இக்லாப்’ என்று பெயர். அப்பெயரைக் கேள்விப்படும் முன்னரே, உஸ்தாதின் ஓதலைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளை சரியாக ஓதிவிடுகிறது. செவி முந்துகிறது, இலக்கணம் பிந்துகிறது. ஆனால் செவி பிழையைக் கேட்டால், அப்பிழையும் அவ்வாறே படிந்துவிடும். அதனைத் திருத்தவே விதி வேண்டும், ஆசிரியர் வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

இக்கல்வி தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. 1996இல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளுக்கு இடைவெளியற்ற ஒலித்தொடரை இரண்டே நிமிடங்கள் கேட்கச் செய்தனர். எந்த அசைக்குப் பின் எது வருகிறது என்பதைக் கொண்டே குழந்தைகள் அதிலுள்ள ‘சொற்களை’ இனங்கண்டன.

2003இல் பட்ரீசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் விளையாடிப் பேசினர். குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிநாடாவிலும் தந்தபோது அவை கற்கவில்லை.

ஆகவே, பச்சிளங் குழந்தையின் கையில் கைப்பேசியைத் தந்துவிட்டு, அது பேசக் கற்றுத்தரும் என்று இருந்துவிடாதீர்கள். அதன் முகம் பார்த்துப் பேசுங்கள். பாட்டியை, நன்னாவைப் பேசச் சொல்லுங்கள். ‘இதற்கு என்ன புரியப் போகிறது?’ என்று எண்ணி அதன் முன் கடுஞ்சொல் பேசுவதையும் தவிருங்கள். நாம் பாடம் நடத்தாத வேளையிலும் நம் வீட்டில் ஒரு மாணவர் அமர்ந்திருக்கிறார்.