எந்த இராஜசிங்கன்?

சிவனொளிபாதமலையைச் சைவருக்குக் கொடுத்தவன் ஓர் இராஜசிங்கன். அதைப் பிக்குமாருக்குத் திருப்பிக் கொடுத்தவனும் இராஜசிங்கன். வேலூரில் கைதியாக இறந்தவனும் இராஜசிங்கன். ஒரு பெயருக்குள் அடைபட்ட பல மன்னர்களைப் பிரித்தறிவது எப்படி?

நல்லதண்ணியில் டிசம்பர் போயாவோடு சீசன் தொடங்கிவிட்டால் வெசாக் வரைக்கும் ஊருக்குத் தூக்கம் கிடையாது. ஹற்றனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வரும் பஸ்கள் நடுச்சாமத்திலும் ஆட்களை இறக்கும். கம்பளிக் குல்லாவும் தொதலும் விற்கும் கடைகளைத் தாண்டி, சீதகங்குலவில் முகம் கழுவி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் கூட்டம் ஏறும். மூச்சு வாங்க உட்காரும் இடத்தில் கதை தொடங்கும்.

"இந்த மலை ஒரு காலத்துல நம்ம சாமியாருங்க கையிலதான் இருந்துச்சு. இராஜசிங்க மகாராசா குடுத்தது" என்பார் ஒருவர். "அட, அந்த இராஜசிங்கன்தானேய்யா நம்மகிட்ட இருந்து வாங்கி பிக்குமாருக்குக் குடுத்தான்" என்பார் இன்னொருவர். "வெள்ளக்காரன் வேலூருக்குப் புடிச்சிட்டுப் போனானே, அந்த ராசாவா?" என்று மூன்றாமவர் கேட்பார்.

மூவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் முதலாமவர் சொல்லும் மன்னன் 16ஆம் நூற்றாண்டுக்காரன், இரண்டாமவர் சொல்வது 18ஆம் நூற்றாண்டு, மூன்றாமவர் சொல்லும் மன்னன் இறந்தது 1832இல். சீதாவாக்கையிலும் கண்டியிலுமாக இராஜசிங்கன் என்ற பெயரைத் தாங்கி ஆறு பேர் ஆண்டிருக்கிறார்கள்.

பெயர் எப்படி வந்தது?

தோட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரே பெரட்டில் மூன்று மாரியாயி நின்றால், மேல்கணக்கு மாரியாயி, பணியக்கணக்கு மாரியாயி என்று கூப்பிட்டுக்கொள்வோம். செக்ரோலில் இலக்கம் இருக்கும். அரசர்களுக்கும் அப்படித்தான்.

இராஜசிங்கன் என்பது தாய் தகப்பன் வைத்த பெயரல்ல, அரியணைப் பெயர். கண்டியில் புதிய மன்னன் நாத தேவாலயத்தில் அரசவாளைத் தரித்துத் தன் ஆட்சிப் பெயரைச் சூடிக்கொள்வது வழக்கம். பெருமை பெற்ற முன்னோனின் பெயரை எடுத்துக்கொண்டால் அந்தப் பெருமையிலும் பங்கு கிடைக்கும். கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, ஸ்ரீ விக்கிரம போன்ற முன்னொட்டுகள் ஆளை அடையாளம் காட்டின. 'முதலாம்', 'இரண்டாம்' என்ற எண்களோ பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒட்டியவை. அதனால் எண்ணும் சில வேளை புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். 1521இல் கோட்டையில் கொல்லப்பட்ட விஜயபாகு சில நூல்களில் ஆறாம் விஜயபாகு, சிலவற்றில் ஏழாம் விஜயபாகு.

விஜயபாகு என்ற பெயரும் இந்த மலைக்கு அந்நியமல்ல. நல்லதண்ணியை உள்ளடக்கிய இந்த வட்டாரத்தின் பழைய பெயரான அம்பகமுவ, ஒரு கல்வெட்டாலும் அறியப்பட்டது. அதைப் பொறித்தவன் 11ஆம் நூற்றாண்டின் முதலாம் விஜயபாகு, சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றியவன். பாதத்தைத் தரிசிக்க வருவோருக்கு அவன் செய்த ஏற்பாடுகளை அந்தக் கல் சொல்கிறது. 1521இல் கொல்லப்பட்ட விஜயபாகுவுக்கும் இவனுக்கும் இடையே நானூறு ஆண்டுக்கும் மேல்.

மலையைக் கொடுத்தவன்

அந்த 1521 கொலையிலிருந்துதான் நம் கதையின் முதல் இராஜசிங்கன் வருகிறான். தகப்பன் விஜயபாகுவைத் தீர்த்துக்கட்டிவிட்டு மூன்று மகன்மார் கோட்டை இராச்சியத்தைப் பங்கு போட்டார்கள். அவர்களில் இளையவனான மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை கிடைத்தது. இன்றைய அவிசாவளைதான் அது. மாயாதுன்னையின் மகன் திக்கிரி பண்டார 1559இல் முல்லேரியாவில் போர்த்துக்கீசரை முறியடித்தான். 1581இல் முதலாம் இராஜசிங்கனாக அரியணை ஏறினான். அடுத்த ஆண்டே கண்டியையும் பிடித்தான். கண்டி மன்னன் கரலியத்த பண்டார கைக்குழந்தையான மகளோடு திருகோணமலைக்குத் தப்பியோடி அங்கே பெரியம்மையில் மாண்டான். அந்தக் குழந்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் இராஜசிங்கன் சைவன் ஆனான். அவிசாவளையில் சிதைந்து கிடக்கும் பெரெண்டி கோவில் அவன் பைரவருக்கு எழுப்பியது என்பது மரபு. சுமணகூடம் என்று பாளி நூல்கள் அழைக்கும் நம் மலையையும் அவன் சைவத் துறவிகளிடம் ஒப்படைத்தான். சிங்கள மரபு அவர்களை 'ஆண்டி' என்றே குறிக்கிறது. சொல் தமிழ்ச்சொல், ஆளும் நம்மவர்.

ஏன் கொடுத்தான்? தகப்பனைக் கொன்ற பாவத்துக்குக் கழுவாய் கேட்டான், இதற்குப் பரிகாரமே இல்லை என்று பிக்குமார் கைவிரித்தார்கள், உண்டு என்று சைவர்கள் சொன்னார்கள், ஆகவே மதம் மாறினான் என்கிறது மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். 1581இல் மாயாதுன்னைக்கு வயது எண்பது ஆகியிருந்தது. போர்க்களப் பொறுப்பு ஏற்கெனவே மகன் கையில் இருந்தது. சாகப்போகும் கிழவனை ஏன் கொல்ல வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் ஐயப்படுகிறார்கள். 1593இல் கண்டிக் கலகக்காரரோடு பலனையில் மோதித் தோற்றுத் திரும்பும் வழியில், காலில் ஏறிய மூங்கில் சிலாம்பு புண்ணாகி இறந்தான் இந்த இராஜசிங்கன்.

எதிரியின் பெயரைச் சூடியவன்

திருகோணமலையில் அநாதையான அந்தப் பெண்குழந்தையைப் போர்த்துக்கீசர் எடுத்து வளர்த்து, தோனா கத்தரீனா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பின்னாளில் அவள் கண்டியின் அரசியானாள். செனரத் மன்னனுக்கும் அவளுக்கும் பிறந்த மகன் 1635இல் கண்டியை ஆள வந்தபோது தாங்கிய பெயர் இராஜசிங்கன். தன் பாட்டனை நாட்டைவிட்டு விரட்டியவனின் பெயர் அது! குடும்பப் பகையைவிட, போர்த்துக்கீசரைக் கதிகலங்கச் செய்த பெயர் என்ற மதிப்பே மேலோங்கியது போலும்.

இரண்டாம் இராஜசிங்கன் பெயருக்குக் குறை வைக்கவில்லை. 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கீசப் படையை அழித்தான். அதே ஆண்டில் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656இல் கொழும்பு விழுந்தபோது கோட்டையை அவனிடம் கொடுக்காமல் ஒல்லாந்தரே வைத்துக்கொண்டார்கள். 1664இல் நிலம்பையில் கலகம் வெடித்த பிறகு அவன் பெரும்பாலும் இருந்தது ஹங்குராங்கெத்தையில். இன்றைய நுவரெலியா மாவட்டத்துக்குள் ஓர் இராஜசிங்கனின் அரண்மனை இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதானால், இவனைத்தான் சொல்ல வேண்டும். 1660இல் பிடிபட்டு 19 ஆண்டு இவன் நாட்டில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் இலண்டனில் வெளியிட்ட புத்தகத்தால் இவன் பெயர் ஐரோப்பாவிலும் பரவியது. 1687இல் இறந்தான். மலையைக் கொடுத்ததிலும் வாங்கியதிலும் இவனுக்குப் பங்கில்லை.

மலையை வாங்கியவன்

அடுத்து வரும் நான்கு இராஜசிங்கர்களும் நாயக்கர்கள். கண்டி மன்னர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி இறந்ததும், பட்டத்து அரசியின் தம்பி ஸ்ரீ விஜய இராஜசிங்கனாக முடிசூடினான். 1747இல் அவனும் வாரிசின்றிப் போக, அவனுடைய மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆனான். பூர்வீக மொழி தெலுங்கு, புழங்கிய மொழி தமிழ், வளர்ந்த சமயம் சைவம்.

இந்தக் கீர்த்தி ஸ்ரீதான் சிவனொளிபாதமலையை ஆண்டிகளிடமிருந்து எடுத்து வெலிவிட்ட சரணங்கர தேரரிடம் ஒப்படைத்தவன். மலைக்குக் குட்டாபிட்டிய கிராமத்தையும் மானியமாக விட்டான். 1753இல் சீயத்திலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா எனும் பிக்குமாரின் உயர்தீட்சையை மீட்டான். கண்டிப் பெரஹராவில் புத்தரின் புனிதப் பல்லான தலதாவை முன்னே வரச் செய்தவனும் இவனே. பௌத்தத்துக்கு இத்தனையும் செய்தவனை 1760இல் கொல்லச் சதி நடந்தது. அவன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது சதிகாரர் தரப்பின் குறைகளில் ஒன்று. சதியில் சரணங்கர தேரரின் பெயரும் அடிபட்டது. சிலகாலம் தடுத்துவைத்து, பிறகு அவரை மன்னன் மன்னித்தான்.

இப்போது முதலாம் இராஜசிங்கனைத் தகப்பனைக் கொன்றவன் என்று எழுதிய சூளவம்சத்துக்குத் திரும்புவோம். அந்தப் பகுதியைத் திப்பட்டுவாவே புத்தரக்கித தேரர் எழுதியது, முதலாம் இராஜசிங்கன் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சியில். மலையைத் திருப்பிக் கொடுத்த இராஜசிங்கனைப் புகழும் அதே ஏடுதான் மலையைக் கொடுத்த இராஜசிங்கனைப் பழிக்கிறது. முதலாமவன் எவ்வளவு கறுப்போ, பிந்தியவன் அவ்வளவு வெளுப்பு. ஒரே பெயரில் இருவர் இருந்தது அந்த ஏட்டுக்கு வசதியாகவும் போயிற்று.

இந்த எதிர்நிலை அப்படியே உண்மை என்றும் கொள்ள முடியாது. இரண்டு இராஜசிங்கர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆண்ட இரண்டாம் விமலதர்மசூரியன் நடந்தே மலைக்குப் போய்ப் பாதத்துக்கு வெள்ளிக்குடை சாத்தியதையும் அதே சூளவம்சம்தான் சொல்கிறது. ஆண்டிகள் பொறுப்பில் இருந்தபோதும் பௌத்த மன்னனின் வழிபாடு நடந்திருக்கிறது.

கவிஞனும் கைதியும்

ஐந்தாவது ஆள் ராஜாதி ராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீயின் தம்பி, 1782 முதல் 1798 வரை ஆண்டவன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த இவன் சிங்களத்தில் 'அசதிச தா கவ' என்ற காவியம் பாடினான். இவன் காலத்தில்தான் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கடைசி ஆள் கண்ணுசாமி. 18 வயதில், 1798இல், பிலிமத்தலாவ அதிகார் அவனை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக முடிசூட்டினார். பொம்மையாக இருப்பான் என்று அவர் நினைத்தார், அவன் இருக்கவில்லை. கண்டியில் நாம் சுற்றி நடக்கும் ஏரி அவன் வெட்டியது. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமஹாநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை கையெழுத்தானது. 1816 ஜனவரியில் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30ஆம் திகதி இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கும் இடம் இன்று முத்து மண்டபம்.

அவன் நாடுகடத்தப்பட்டு எட்டு ஆண்டு ஆவதற்குள் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கிவிட்டது. அவனைக் கொண்டுபோன அதே தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் மன்னார் வழியாகக் கால்நடையாக இங்கே வந்தார்கள்.

கடல் தாண்டியும் இராஜசிங்கன்

பெயரை மட்டும் பார்த்து இனத்தையோ சமயத்தையோ சொல்லிவிட முடியாது என்பதற்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மனுக்கு இராஜசிம்மன் என்ற பெயரும் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட பாண்டியன் இராஜசிம்மன், முதலாம் பராந்தக சோழனிடம் தோற்று இலங்கைக்கு ஓடிவந்தான். இங்கே படையுதவி கிடைக்காமல், மணிமுடியை விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போனான். அந்த முடியை ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு இராஜேந்திர சோழன் வந்து எடுத்துப்போனான். இப்படித் தமிழ் மன்னன் ஒருவன் இலங்கையில் முடியை இழந்ததும் இராஜசிம்மன் என்ற பெயரில்தான்.

படியில் அமர்ந்து கேட்க வேண்டியது

அடுத்த முறை மலைப்பேச்சில் இராஜசிங்கன் வந்தால் மூன்று கேள்வி போதும். எதிரி யார்? போர்த்துக்கீசர் என்றால் முதலாமவன் அல்லது இரண்டாமவன், ஆங்கிலேயர் என்றால் கடைசி ஆள். தலைநகர் எது? சீதாவாக்கை என்றால் முதலாமவன் மட்டும்தான். மலையோடு என்ன தொடர்பு? கொடுத்தது 16ஆம் நூற்றாண்டு, வாங்கியது 18ஆம் நூற்றாண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் மிஞ்சும். மலையைச் சைவருக்குக் கொடுத்தவன் பிறப்பால் சிங்களவன். பிக்குமாருக்குக் கொடுத்தவன் மதுரையிலிருந்து வந்த, திருநீறு பூசியதாகக் குறைபட்டுக்கொள்ளப்பட்ட நாயக்கன். 'நம்ம ராசா', 'அவங்க ராசா' என்று பிரித்துக்கொண்டு படியேறத் தொடங்கினால், உச்சிக்குப் போவதற்குள் இருவரையும் இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டியிருக்கும்.